பெண் வீட்டாருக்காக நான் செய்த லெப்டொப்

என் பெயர் யோகராஜ். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன், இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறேன். தொழில், போன் திருத்துவது. இதைச் சாலி நானா வாசித்தால் குடிக்கிற பிளேன்டீ அவருக்குப் புரையேறிவிடும். டவுனில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருப்பது அவருடைய கடை. நான் அதன் முன்பக்கம் உட்கார்ந்து, உடைந்த டிஸ்ப்ளேயைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுவேன். அவ்வளவுதான். அதற்கு மேல் கோளாறு என்றால் போனை அப்படியே பின்பக்கம் நீட்டிவிடுவேன். நானா கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் நான்தான் கொடுப்பேன், நானே கிண்டித் திருத்தியவன் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

இந்தப் புத்தி எனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் என்னைக் கவிழ்த்தது. இன்னொரு தடவை எழுதினேன், இன்னும் நன்றாகக் கவிழ்த்தது. கொழும்புக்குப் போய் ஒரு டிவி கடையில் சேர்ந்தேன். ஊருக்கு வந்தால் ‘எலக்ட்ரோனிக் வேலை’ என்று சொல்லிக்கொள்வேன். லொறியிலிருந்து டிவி பெட்டிகளைத் தோளில் வைத்து இறக்குவதும் எலக்ட்ரோனிக் வேலைதானே? முதுகு போன பிறகு ஊருக்கே திரும்பிவிட்டேன். அம்மா புஷ்பம் இன்றைக்கும் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறாள். அவள் மரத்தில் கத்தி வைக்கிற நேரத்தில் நான் போர்வைக்குள் கிடப்பேன். இப்படிப்பட்ட ஒருவனுக்குப் பெண் தேடுவது லேசான காரியமா? அம்மா தேடிக்கொண்டே இருந்தாள். தேடிய பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகி, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் அவிசாவளையிலிருந்து தரகர் பழனியாண்டி வந்து சேர்ந்தார். அவர் வாயில் நுழைந்தால் எந்த மாப்பிள்ளைக்கும் உடனே பதவி உயர்வு கிடைத்துவிடும். த்ரீவீல் ஓட்டுகிறவன் ‘சொந்தமா வாகனம் வச்சிருக்கிறவன்’ ஆவான். கடையில் சாமான் நிறுக்கிறவன் ‘வியாபாரம் பண்றவன்’ ஆவான். என்னைப் பார்த்ததும், “தம்பி கம்பியூட்டர் லைன்” என்று சொல்லிவிட்டார். இல்லை என்று நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கே குளிர்ச்சியாக இருந்தது.

பெல்மதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் கிருஷ்ணகுமாரி. அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வரைக்கும் அவ்வளவு பிள்ளைகளையும் மேய்க்கிறவள் யாருக்காவது பயப்படுவாளா? தேத்தண்ணீர் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். எல்லாரும் இருக்க என்னை நேரே பார்த்துக் கேட்டாள்.

“நீங்க கம்பியூட்டர் செய்வீங்களாமே, மெய்யாவா?”

கம்பியூட்டரைப் பற்றித் தெரியும் என்பது வரைக்கும்தான் பழனியாண்டி போயிருந்தார் என்று நினைத்தேன். செய்கிறேன் என்பது வரைக்கும் போய்விட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. இல்லைங்க, போனுக்குக் கண்ணாடி மாத்துறேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

“ஆமாங்க. இப்பக்கூட ஒண்ணு செஞ்சிக்கிட்டிருக்கேன். லெப்டொப்பு.”

பழனியாண்டியே திரும்பி என்னைப் பார்த்தார். தன் தொழிலை இன்னொருவன் இவ்வளவு துணிச்சலாகச் செய்கிறானே என்று நினைத்திருப்பார். கிருஷ்ணகுமாரி, “ஓ” என்று மட்டும் சொன்னாள். அவள் சிரிக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. அந்த ‘ஓ’ எனக்குப் பிடித்துவிட்டது. சும்மா பிடிக்கவில்லை, திரும்பி வருகிற பஸ்ஸில் இரத்தினபுரி எப்போது போனது, எஹலியகொட எப்போது போனது என்று தெரியாத அளவுக்குப் பிடித்துவிட்டது. இவள் இல்லை என்றால் இனி அம்மா யாரையும் தேட வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் புறப்படும்போது அவளுடைய தாய்மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வழி முழுக்கக் காதில் கேட்டது. அடுத்த மாதம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்களாம், அப்படியே அந்த லெப்டொப்பையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

மறுநாள் கடையில் விஷயத்தைச் சொன்னேன். சாலி நானா வேலையை நிறுத்திவிட்டு, கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியோடேயே என்னைப் பார்த்தார்.

“கம்பியூட்டர் செய்றேண்டு செல்லிட்டு வந்தீக்கிறியா? ஒனக்கு சிம் காட் போடவே கை நடுங்குதே.”

பழைய லெப்டொப் ஒன்றை வாங்கி, மூடியிலிருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டுக் காட்டச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, அதை எப்படியாவது உண்மையாக்கிவிட்டால் பொய்க் கணக்கில் வராது என்பது என் வாதம். நானா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஏணியை வைத்து, கடைக் கூரைக்குக் கீழே பலகையில் கிடந்த ஒரு பொலித்தீன் பொட்டலத்தை இறக்கி என் மடியில் போட்டார். எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு துரை பங்களாவைக் காலி பண்ணியபோது பழைய சாமானோடு வந்ததாம். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் மானத்தைக் காப்பாற்றிக்கொள் என்றார்.

உள்ளே இருந்தது ஒரு கறுப்புக் கட்டை. நான் பிறப்பதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் வீட்டில் வைத்து விளையாடிய கம்பியூட்டர். எழுத்துப் பலகைதான் முழுக் கம்பியூட்டரும். அதை டிவியில் கொளுவ வேண்டும், பாட்டு கெசட் போல ஒரு கெசட்டிலிருந்து அதற்கு விஷயம் ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் மறந்துவிடும். ஆன் பண்ண, ஓஃப் பண்ண ஒரு சுவிட்ச்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே சாமான்கள் பெரிது பெரிதாக, எனக்கும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தன. இந்தக் காலத்து லெப்டொப்பைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றும். இதைத் திறந்தபோது சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் உட்கார்ந்தேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் காட்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வேன் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை ஒன்று கிடைத்தது, அதைப் பொருத்தினேன். கெசட்டுக்குப் பதிலாக என் போனிலிருந்து சத்தத்தைக் கொடுத்தேன். ஏற்றும்போது அது போடுகிற கீச்சுச் சத்தத்தில் பக்கத்து லயத்து நாய் ஊளையிட்டது. கரண்டுக்கு மோட்டர்சைக்கிள் பேட்டரி வைத்தேன். இதையெல்லாம் ஒரு பலகைப் பெட்டிக்குள் அடக்கி, அலுமாரிக் கீல் போட்டு மூடியும் வைத்தேன். மடியில் வைக்கிற கம்பியூட்டர் என்றுதானே பெயர்? மடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் மரத்துப்போய் எழும்ப முடியவில்லை. அம்மாதான் வந்து தூக்கிவிட்டாள்.

ஆனாலும் வேலை செய்தது. திரையில் முதல் எழுத்து வந்தபோது நான் அழுதேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், அழுதேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்பக்கம் நீட்டாமல் நானே ஒன்றைச் செய்து முடித்திருந்தேன்.

ஒரே குறை, பட்டன்கள். அவை ரப்பரில் செய்தவை, எலி பாதியைத் தின்றுவிட்டிருந்தது. சாலி நானா வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் வெளிநாட்டிலிருந்து ரப்பர் வரவழைப்பதா? இதைவிடக் கேவலம் உண்டா? தோட்டத்து ஸ்டோரில் பாலை உறையவைத்து ஷீட் போடுகிற என் கூட்டாளி நல்லையாவிடம் போனேன். அவனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஒலகத்துக்கே ரப்பர் குடுக்கிறோம். ஒனக்கு நாலு பட்டன் குடுக்க மாட்டமா மச்சான்?”

சாலி நானா வீட்டு பிரிஜ்ஜிலிருந்து ஐஸ் கட்டி வைக்கிற தட்டை இரவல் வாங்கிவந்தேன். நல்லையா அதில் வடிகட்டிய பாலை ஊற்றி அசிட் விட்டான். உறைந்ததும் கழுவி, மெல்லிய ஷீட் ஒன்றின்மேல் வரிசையாக ஒட்டி, புகையறையில் மற்ற ஷீட்டுகளுக்குப் பின்னால், மேற்பார்வை பார்க்கிற ஐயாமார் கண்ணில் படாத மேல் கம்பில் தொங்கவிட்டான். நன்றாகப் புகை பிடித்த பிறகு எடுத்துத் தந்தபோது தேன் நிறத்தில், பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நகப்பூச்சால் எழுத்துகளை எழுதினேன். பஸ்ஸில் கடைக்குக் கொண்டுபோனபோது கண்டக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘மரு’ என்று சிங்களத்தில் பாராட்டினார். நான் அன்றைக்கு டிக்கெட் எடுக்க மறந்துவிட்டேன், அவரும் கேட்க மறந்துவிட்டார்.

அதற்குள் என்ன போடுவது? ஒரு பட்டனை அழுத்தினால் ‘நல்வரவு’ என்று தமிழில் வரும். அந்தக் கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்து கொடுத்தேன். அது பெண் வீட்டாருக்கு. இன்னொரு பட்டனும் வைத்தேன். அதை அழுத்தினால் அவளுடைய பெயர் வரும். அது யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. எங்கள் பக்கத்தில் நிச்சயம் பண்ணுகிற வரைக்கும் பெண்ணின் பெயரைப் பெரியவர்கள் முன்னால் மாப்பிள்ளை வாயால் சொல்லக்கூட மாட்டான். அவள் என்றைக்காவது இந்த வீட்டுக்கு வந்தால், அவளையே அழுத்தச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ‘ஷ்’ வரைவதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது. கடைசியில் அது எட்டுக்கால் பூச்சி மாதிரிதான் வந்தது. ஆனாலும் தினமும் வேலைக்குப் போகுமுன் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் மாகாணத்தில் வருஷம் முழுக்க மழை பெய்யும். அன்றைக்கென்று வெயில் பிளந்தது. விஷயத்தை ஏற்றுவது சில நேரம் சரிவரும், சில நேரம் வராது, அதனால் காலையிலேயே ஏற்றிவிட்டு, மறந்துவிடாமல் இருக்க அதை ஓடவிட்டபடியே மூடி வைத்தேன். மோட்டர்சைக்கிள் பேட்டரி யார் கண்ணிலும் படக்கூடாது என்று பெட்டியின் அடிப்பக்கத்தையும் ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தேன். வேன் வழியில் பழுதாகி அவர்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அவ்வளவு நேரமும் அது உள்ளே சூடேறிக்கொண்டிருந்தது. நான் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பா வந்தார், தாய்மாமன் வந்தார், அத்தை ஒருத்தி வந்தாள். வழக்கப்படி பெண் வரவில்லை. முன்னால் பழனியாண்டி வந்தார். உள்ளே நுழைந்ததும் அத்தை மூக்கைச் சுருக்கினாள். ஷீட் ரப்பரின் வாடை எங்களுக்குத் தெரியாது, பிறந்ததிலிருந்து அதற்குள்தானே இருக்கிறோம். தேயிலைக்காரர்களுக்குத் தெரியும்தானே? அம்மா அவசரமாகச் சாம்பிராணி போட்டாள். இப்போது புகையும் சேர்ந்துகொண்டது.

அடுப்பில் கோழிக்கறி இருந்தது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள், தேத்தண்ணீரோடு எழும்பிவிடுவார்கள். எல்லாம் பிடித்துப்போனால் சாப்பிட உட்காருவார்கள். அந்த நம்பிக்கையில் அம்மா லயத்துக்கே போதுமான அளவுக்குச் சோறு ஆக்கியிருந்தாள்.

தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் மாமன், “எங்க தம்பி, அந்த லெப்டொப்பு?” என்றார். நான் பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். நீலத்திரை பளிச்சென்றிருந்தது. அவளுடைய அப்பா முன்னால் குனிந்து பார்த்தார். பழனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். மாமனிடம் ஒரு பட்டனைக் காட்டி, நீங்களே உங்கள் கையால் அழுத்துங்கள் என்று பெரிய மனிதனாகச் சொன்னேன். அழுத்தினார். ‘நல்வரவு’ என்று வந்தது. அத்தைகூட, “பாருங்களேன்” என்றாள். என் வாழ்க்கையில் நான் மிகவும் உயரத்தில் இருந்த நேரம் அதுதான்.

மாமன் விரலை எடுத்தார். பட்டனும் கூடவே வந்தது. பச்சைப் பலாக்காயை வெட்டின கையில் பால் ஒட்டுமே, அப்படி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய், மற்றக் கையை எழுத்துப் பலகையில் ஊன்றி விரலைப் பிய்த்து எடுக்கப் பார்த்தார். ஊன்றிய இடத்தில்தான் அந்த இன்னொரு பட்டன் இருந்தது. அது உள்ளே அழுந்தியது. அழுந்தியது அப்படியே ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லை.

திரையில் கிருஷ்ணகுமாரி என்று வந்தது. அதற்குக் கீழே கிருஷ்ணகுமாரி. அதற்குக் கீழே மறுபடியும் கிருஷ்ணகுமாரி. திரை நிறைந்ததும், இன்னும் வேண்டுமா என்று கம்பியூட்டர் இங்கிலீசில் கேட்டது. ஒட்டிக்கொண்ட பட்டன் தானே ஆமாம் என்று சொல்லிவிட்டது. பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது, கீழே புதிதாக வந்துகொண்டே இருந்தது.

அவளுடைய அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

“நிப்பாட்டுடா” என்றாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

எப்படி நிறுத்துவது? சுவிட்ச் கிடையாது. பேட்டரி ஸ்குரூவுக்குள். ஸ்குரூடிரைவர் கடையில். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன். பெயர் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் மூடியை அடித்து மூடினேன். அது என் அடுத்த புத்திசாலித்தனம். பட்டன்கள் திரையில் ஒட்டிக்கொண்டன. மறுபடி திறக்கப் பார்த்தால் திறக்க வரவில்லை. மூடியின் இடுக்கால் வெளிச்சம் மட்டும் விட்டுவிட்டு மின்னியது, உள்ளே அவள் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதன்மேல் ஒரு துவாயைப் போட்டேன். மானம் கப்பலேறிய பிறகு துவாய் எதற்கு?

மாமன் தேங்காயெண்ணெயில் விரலைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“தம்பி, ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க மெய்யாவே கம்பியூட்டர் செய்ற ஆளா?”

பழனியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இல்லைங்க மாமா. போன் கடையில டிஸ்ப்ளே மாத்துறேன். வேற ஒண்ணும் தெரியாது. வாழ்க்கையில செஞ்சது இது ஒண்ணுதான், அதும் இப்படியாயிருச்சி.”

அவர் தலையை ஆட்டினார். எழும்பினார்கள். அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கும்பிட்டுக் கேட்டாள். இன்னொரு நாளைக்குப் பார்ப்போம் என்று அத்தை சொன்னாள். அந்த ‘இன்னொரு நாள்’ எந்தக் கலண்டரிலும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். வேன் போனதும் அம்மா என்னைத் திட்டவில்லை. கோழிக்கறியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கம்பியூட்டர் போனதற்காக அல்ல. அந்த ‘ஓ’ என்ற சத்தத்தை இனிக் கேட்கவே மாட்டேன் என்பதற்காக.

மறுநாள் சாலி நானா போனில் தேடிப் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். ஷீட் என்பது பச்சை ரப்பராம். அதில் கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் டயராகவோ செருப்பாகவோ உருப்படியாக நிற்குமாம். இல்லாவிட்டால் சூட்டில் இளகிப் பிசின் ஆகிவிடுமாம். எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் மரத்தைத் தெரியும், பாலைத் தெரியும், ஷீட்டைத் தெரியும். லொறியில் ஏறிய பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக ரப்பர் செய்கிறோம், பென்சில் எழுத்தை அழிக்கிற ஓர் அழிறப்பர்கூடச் செய்ததில்லை. முதன்முதலாகச் செய்யப் போனவன் நான், அதற்கு எங்கள் பரம்பரை முழுவதும் சேர்ந்து கைதட்டலாம்.

நானா இன்னும் விளக்கிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“கிருஷ்ணகுமாரி பேசுறேன்.”

நான் எழும்பி நின்றுவிட்டேன். மடியிலிருந்த யாருடையதோ டிஸ்ப்ளே கீழே விழுந்தது. நானா என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாமா வந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார் என்றாள். வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். பிறகு நான் கேட்காமலேயே இன்னொன்றைச் சொன்னாள். இதற்கு முன் அவளுக்கு ஓர் இடம் முடிவாகி, அழைப்பிதழும் அடித்துக் கொடுத்தாகிவிட்டதாம். கொழும்பில் பெரிய கம்பெனியில் மனேஜர் என்று சொன்னவனுக்கு வேலையே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்ததாம். கொடுத்த அழைப்பிதழ்களுக்கெல்லாம் அவளுடைய அப்பா வீடு வீடாகப் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதனால்தான் அன்றைக்கு உள்ளே போகாமல் நின்று, நேரே கேட்டேன் என்றாள்.

“கேட்டப்பவே நீங்க இல்லன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. வேலையும் பொய்யி, கம்பியூட்டரும் பொய்யி. அது போகட்டும். அந்தப் பொய்க்குள்ள எம்பேர எதுக்கு போட்டீங்க?”

கோபமாகத்தான் கேட்டாள். எதற்கும் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு இருந்ததைத்தான் சொன்னேன்.

“அது மட்டுந்தாங்க பொய்யில்ல.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. கட் பண்ணிவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இல்லை.

“வேற ஏதாச்சும் பொய் பாக்கி இருக்கா?” என்றாள். “இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

யோசித்தேன். சாலி நானாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தார்.

“தலைக்கு டை அடிக்கிறேங்க.”

“அது அன்னைக்கே தெரிஞ்சிச்சி. காதுல ஒட்டியிருந்திச்சி.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முதல்தடவையாகக் கேட்டேன். அதற்குள் பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது.

“வைக்காம இருங்க. என்னான்னு பாத்துட்டு வாறேன்” என்றாள்.

வெளியே ஒரு ஆள் உடைந்த போனோடு கண்ணாடிப் பெட்டியைத் தட்டி, தம்பி என்பதைச் சிங்களத்தில் ‘மல்லி, மல்லி’ என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். நானா எழும்பி வந்து அவர் போனை வாங்கிக்கொண்டார். நான் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.